தண்ணீர் ஊற்றாத செடி

பெல்மதுளையில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு செடி இருக்கிறது. டாக்டரின் மனைவி கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைத்தது. தடித்த தண்டுகள், எண்ணெய் தடவியது போல மினுங்கும் இலைகள். பல்வலியோடு வருகிறவர்கள்கூட வலியை மறந்து, அதைத் தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள்.

நான் அந்தச் செடிக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். கழுதை வயதாகிவிட்டது, இன்னும் ஒரு பூச்சாடிக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னால் யார் வேலை தருவார்கள்?

இதே ஜாதிச் செடி ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது நாங்கள் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இருந்தோம். மாமா கொழும்புப் பக்கம் பூச்செடி விற்கும் ஒரு நர்சரியில் வேலை செய்தார். கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு பொருளும் வாயில் ஒரு கதையும் இருக்கும். பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும். கதை அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கும்.

அந்த வருடம் ஒரு பழைய பெயின்ட் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ரோட்டிலிருந்து ஏறி வந்தார். வாளிக்குள் செடி. கடையில் இதற்கு இஸட் இஸட் என்று பெயராம். சொந்த ஊர் ஆப்பிரிக்காவாம்.

"மாசக்கணக்கா மழையே பெய்யாத எடத்துல வளர்றது இது, அக்கா. தண்ணி ஊத்த மறந்துட்டாலும் சாகாது, வளராம தூங்கும். இருட்டுல வச்சாலும் வளரும். அடியில கெழங்கு இருக்கு, அதுல தண்ணிய சேத்து வச்சுக்கும்" என்றார் மாமா.

"மழை பெய்யாத ஊருச் செடியத் தூக்கிக்கிட்டு றக்வானைக்கு வந்திருக்கியே, ஒனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்காடா?" என்றாள் அம்மா.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளியே வைத்தால்தானே மழை? வீட்டுக்குள் வைக்கலாம் என்றார். எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், சாமான்கள் போக மிச்சம் இருந்தது பின்சுவரை ஒட்டிய ஒரு மூலை மட்டும்தான். பகலிலும் அங்கே வெளிச்சம் வராது. அந்த மூலையே அதற்கு மாளிகை என்று சொல்லிவிட்டு, அலவாங்குக் கடப்பாரையை எடுத்துத் தரையின் சீமெந்தை உடைத்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்தச் செடிக்கு எமன் தண்ணீர்தானாம். வேருக்கு அடியில் ஒரு சொட்டு நின்றால்கூடக் கிழங்கு அழுகிவிடுமாம். அதனால் அடித்தளம் இல்லாமல், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் போகிற மாதிரி, கக்கூசு கட்டி மிஞ்சிய சீமெந்தில் மண்ணைச் சுற்றி ஒரு சின்னத் தொட்டி கட்டினார். சீமெந்தைவிட மணல்தான் அதிகம்.

அப்பா தோட்டத்தில் கான் வெட்டும் வேலை செய்தார். மலையில் விழும் மழைத் தண்ணீர் ஒழுங்காக வழிந்து போவதற்காக வெட்டும் வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். நாள் முழுவதும் மண்ணோடு கிடக்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். உடைத்த குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "மண்ணு நல்லா காஞ்சுதான் இருக்கு" என்றார். அதோடு செடி குடியேறிவிட்டது. அந்த வருடம் இயேசு பாலன் குடிலை அதன் முன்னால் வைத்து, இலைகளில் ஜரிகைத் தாள் நட்சத்திரங்களைத் தொங்கவிட்டோம். அம்மா இலைகளைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். திட்டினாளே தவிர, அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி இறக்கிய ஒரு மேடு. அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு. ஒருமுறை அதிகாரிகள் சிலர் வந்து மேட்டைப் பார்த்து, மண் சரியக்கூடிய இடம் என்று ஒரு போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். பெரிய மழை பெய்தால் லயத்தில் இருக்க வேண்டாம் என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் சொன்னார். அப்பா "ஹரி மாத்தயா", சரி ஐயா, என்றார். அவர்கள் போன பிறகு, எங்கே போவது என்று போர்டில் எழுதவில்லையே என்றார்.

செடி வந்ததற்கு அடுத்த வைகாசி மழையில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் அடுத்த வைகாசியில், கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு சத்தம் போட்டாள். தொட்டி மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அப்பா வந்து பார்த்தார். தரை நகர்கிறது என்றார். லயம் முழுவதையும் கிளப்பி, எதிர்ப்பக்கத்துக் குன்றில் இருக்கும் எங்கள் சின்ன மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் சட்டி பானையோடு அங்கே கிடந்தோம். மலை அசையவில்லை. விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்தார். தொட்டியை ஒரு உதை விட்டார். அது பொலபொலவென்று விழுந்தது. உள்ளே வெளிர் மஞ்சளாய், உருளைக்கிழங்கு போல, ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு கிழங்குகள்.

"மச்சான், மலை எறங்கல. கெழங்கு பெருத்திருக்கு!"

லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் காம்பராவுக்குக் கிழங்கு வீடு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நான் கிழங்குப் பிள்ளை. மாமா இந்தத் தடவை கெட்டியான சீமெந்தில் புதுத் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம், மழைக்காலம் தொடங்கும் முன்பே, அந்தத் தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. முதலில் பென்சில் கோடு மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளில் என் நகம் உள்ளே போனது. அப்பாவிடம் காட்டினேன். அவர் விரலால் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனார், கூரை வரைக்கும். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"கெழங்கு வேல பாக்குது பாப்பா. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

என்னைப் பிடித்த பயம் அந்த நிமிடத்தில்தான் பிடித்தது. கெட்டித் தொட்டியை உடைக்க முடியாத கிழங்கு கீழே போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மாமாதான் அடியைத் திறந்து விட்டிருந்தாரே! அது சீமெந்துக்கு அடியில், என் பாய்க்கு அடியில், பக்கத்துக் காம்பராவுக்கு அடியில் பெருத்துக்கொண்டே போகிறது. பலாக்காய் அளவு, அரிசி மூட்டை அளவு. படுக்கும்போது முதுகுக்குக் கீழே தரை மேடாவது போல இருக்கும். எழுந்து தடவிப் பார்ப்பேன். தம்பியின் பாயைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போடுவேன். இருட்டில் அந்த மூலையைப் பார்க்காமலும் இருக்க முடியாது, பார்க்கவும் முடியாது.

பிடுங்கி எறியுங்கள் என்று அப்பாவிடம் அழுதேன். மாமா ஆசையாகக் கொண்டுவந்தது, கிறிஸ்மஸுக்கு வரட்டும், கேட்டுவிட்டுப் பிடுங்கலாம் என்றார். எதற்குமே மாமாவிடம் யோசனை கேட்காத மனிதர் இதற்கு மட்டும் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, பிடுங்க முடியாவிட்டால் பட்டினி போடலாம். தண்ணீர் இல்லாவிட்டால் வளராமல் தூங்கும் என்று மாமா சொல்லியிருந்தார் அல்லவா? நான் அந்தச் செடிக்குக் காவல் இருக்க ஆரம்பித்தேன். தேத்தண்ணீர் மண்டியைத் தொட்டிக்குள் ஊற்றுவது அம்மாவின் வழக்கம். கோப்பையோடு அவள் அந்தப் பக்கம் திரும்பினாலே கத்துவேன். கூரை ஒழுகினால் தொட்டிக்கு மேலே தட்டைப் பிடிப்பேன். பள்ளிக்கூடம் போகும்போது தொட்டியை உரச்சாக்கால் மூடிவிட்டு, யாராவது திறந்தால் தெரியும்படி மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவேன்.

"இந்தப் புள்ளைக்கு என்னமோ புடிச்சிருச்சு" என்றாள் அம்மா.

"சும்மா விடு. அது சொல்ற மாதிரி ஊத்தாம இரு" என்றார் அப்பா. என் பக்கம் ஓர் ஆள் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

வைகாசி மழை பிடித்தது. இரவும் பகலும் விடவில்லை. கொழுந்து மட்டும் பறித்தாக வேண்டும் என்று பெண்களை மலைக்கு அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா மலையில் இருந்தாள். நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இலைகள் மஞ்சளாகியிருந்தன. தொட்டதும் இரண்டு உதிர்ந்தன. ஒரு தண்டு தானாகச் சாய்ந்தது. அடியில் அழுகிய வாடை.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. எத்தனை நாள் பட்டினி போட்டேன்! மழையில் வேலை நின்று, நனைந்துபோய் வீட்டுக்கு வந்த அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அப்பா குந்தினார். தண்டைத் தொட்டார். அது அடியோடு கையில் வந்தது, நுனி கொழகொழவென்று இருந்தது.

"பாப்பா, இதுக்கு யாரு தண்ணி ஊத்தினது?"

"யாருமே ஊத்தலப்பா."

"நெசமா சொல்லு. அம்மா ஊத்துனாங்களா? கூரை ஒழுகிச்சா?"

"மாதா மேல சத்தியமாப்பா. சாக்கு போட்டு மூடியே வச்சிருக்கேன். ஒரு சொட்டுக்கூட விடல."

என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அப்பா மண்ணுக்குள் கையை முழங்கை வரை விட்டு ஒரு கிழங்கை எடுத்தார். பிசைந்த சோறு போல விரல் இடுக்கில் வழிந்தது. கையை எடுத்த குழியில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீழேயிருந்து பழுப்புத் தண்ணீர் ஊறி மேலே வந்தது.

"தம்பியத் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடு. செருப்பத் தேடாத."

"அதுதான் செத்துருச்சேப்பா! இனி ஒண்ணும் செய்யாது!"

"ஓடுன்னா ஓடு!"

அப்பா என்னிடம் அப்படிக் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்துக் காம்பரா அண்ணன் தலையை நீட்டி, "என்னண்ணே, திரும்பவும் கெழங்கா?" என்று கேட்டார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அப்பா என்னையும் தாண்டிக் குன்றின் மேலே ஓடினார்.

நான் கோயில் படியில் ஏறும்போது மணி ஒலித்தது. ஓர் அடி. ஒரு நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி.

அது துக்க மணி. தோட்டத்தில் யாராவது இறந்தால் மட்டும்தான் அப்படி அடிப்பார்கள். அது கேட்டால், எங்களைப் போல வேதக்காரக் கிறிஸ்தவராக இருந்தாலும் சாமி கும்பிடுகிற இந்துவாக இருந்தாலும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். வராமல் இருந்தவர்கள் வீட்டுச் சாவுக்கு யாரும் போகமாட்டார்கள்.

அப்பா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி என் இடுப்பில். அப்பா என் கண் முன்னால். எங்கள் வீட்டில் இன்னும் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள், அவள் மலையில். சாகும்போது செடி அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. "அம்மாவாப்பா? அம்மாவா?" என்று அவர் சட்டையைப் பிடித்துக் கத்தினேன். மணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்திலிருந்து சனம் வர ஆரம்பித்தது. பக்கத்துக் காம்பரா அண்ணனும் இப்போது சிரிக்கவில்லை. "யாருங்க? யாரு போனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மலையிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்குள் அம்மா. தலையில் மழைக்குப் போடும் கொங்காணி இல்லை, ஒரு காலில் ரத்தம். நான் அவள் மேல் விழுந்து, கட்டிக்கொள்வதற்குப் பதிலாக இரண்டு கையாலும் அவளை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்பா கயிற்றை விட்டார்.

"யாரும் சாகல. லயத்துக்குத் திரும்பிப் போகாதீங்க. தரைக்குள்ள தண்ணி ஏறிருச்சு."

எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். துக்க மணியில் விளையாடுகிறாயா என்று ஒருவர் அப்பாவின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறோம் என்று இரண்டு பெண்கள் படியிறங்கினார்கள். அந்த நேரத்தில்தான், கடைசிக் காம்பரா அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைத்துத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அப்பா பாதையில் இறங்கினார். அம்மா சட்டையைப் பிடித்தாள். பொத்தான் அவள் கையோடு வந்ததே தவிர அவர் நிற்கவில்லை. "நில்லுண்ணே, நானும் வாறேன்" என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் பின்னால் ஓடினார். கேலி செய்த அதே ஆள். இரண்டு பேரும் லயத்துக்குள் போய் மறைவதைக் கோயில் படியிலிருந்து பார்த்தோம். பிறகு மழையும் கூரையும் மட்டும்தான் தெரிந்தன. அம்மா பொத்தானை வாய்க்குள் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் செடியிடம் வேண்டிக்கொண்டேன். மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, மாதாவை விட்டுவிட்டு, அந்தச் செடியிடம். அப்பாவை விட்டுவிடு, இனிமேல் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் கிழவரைக் கிடத்தி, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் குன்றில் பாதி ஏறியிருப்பார்கள். லொறியிலிருந்து கல்லைக் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. கொட்டி முடியவே இல்லை. மேட்டின் மேல் நின்ற தேயிலை, நின்ற வாக்கிலேயே இறங்கி வந்தது. முதலில் பின்பக்கத்துச் சமையல் குசினிகள் போயின. பிறகு எங்கள் காம்பரா, அதற்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவை. கடைசிக் காம்பராவின் கதவு மட்டும் மண்ணுக்கு மேலே நின்றது.

யாரும் அழவில்லை. அப்பாவின் கழுத்தைப் பிடிக்க வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அமைதியில், சாக்கில் கிடந்த கிழவர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார்.

செடி செத்துக்கொண்டே வீட்டைப் பழிவாங்கிவிட்டது என்றுதான் நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தபோதும், பிறகு பெல்மதுளைக்கு வந்தபோதும், புது வீட்டுத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பெரியவளான பிறகு அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் மற்றதைச் சொன்னாள். சுவரில் கோடு விழுந்ததுமே அப்பாவுக்குத் தெரியுமாம். தோட்டத்து ஆபீஸில் வேறு இடம் கேட்டிருக்கிறார், கிராம சேவகரிடம் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்களாம். லயத்தில் சொன்னால் கிழங்கு என்று சிரித்தார்களாம். செடியைப் பிடுங்கிய பிறகும் வெடிப்பு வளர்ந்தால் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது என்றுதான் அதைப் பிடுங்காமல் வைத்திருந்தாராம்.

போன மாதம் அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்க எங்கள் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்தபடி வெளியே உட்கார்ந்திருக்கச் சொன்னார். அப்பா போய் உட்கார்ந்த இடம் செடிக்குப் பக்கத்தில். அதைப் பார்த்தார். மத்தியான நேரம், வேறு யாரும் இல்லை.

"அப்பா, அந்தச் சுவரு வெடிச்சது கெழங்குனாலன்னு ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

வாயிலிருந்த பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டார்.

"வீட்டுல ஒரு ஆளாச்சும் தூங்கணும்ல."

அந்த நாட்களில் நான் தூங்கவே இல்லை என்பது வாய்வரை வந்தது. அவர் கன்னம் வீங்கியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, பூச்சாடிப் பக்கம் குனிந்து, மண்ணுக்குள் விரலை முழுதாக விட்டுப் பார்த்தார். எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.